எந்தப் பல்பு, எந்த ஹோல்டரில்? மின்சிக்கன விளக்குகளின் ஆயுளும் பாதுகாப்பும்

ஒரே பெட்டியில் வந்த நான்கு எல்இடி பல்புகளை ஒரே நாளில் மாட்டினேன். இரண்டு பல்புகள் கூடத்தின் திறந்த ஹோல்டர்களில் தொங்கின. மற்ற இரண்டும் வாசலிலும் குளியலறையிலும் இருந்த, வாய் மூடிய கண்ணாடிக் கூண்டுகளுக்குள் போயின. கூண்டுக்குள் போனவை இரண்டாம் ஆண்டு முடிவதைப் பார்க்கவில்லை. கூடத்தில் தொங்கியவை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் எரிந்துகொண்டிருக்கின்றன. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த 15,000 மணி நேரம் என்ற எண் நான்கு பல்புகளுக்கும் பொதுவானதுதான்.

மின்சிக்கன விளக்குகளைப் பற்றிய ஒப்பீடுகள் பெரும்பாலும் குண்டு பல்பா, சுருள் கண்ணாடிக் குழாய் கொண்ட சிஎஃப்எல்லா, எல்இடியா என்ற கேள்வியோடு தொடங்கி, அதோடே முடிந்துவிடுகின்றன. என் கணிப்பில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. விளக்கு எந்த இடத்தில் மாட்டப்படுகிறது, அங்கே உண்டாகும் சூடு எந்த வழியாக வெளியேறும், ஒரு நாளில் எத்தனை முறை சுவிட்சைத் தட்டுவோம், அதற்கு எவ்வளவு அருகில் யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிறகுதான் பல்பின் வகையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

மின்செலவைப் பொறுத்தமட்டில் வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 700 முதல் 800 லூமன் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒளி தருகிறது. அதே ஒளியை 13 முதல் 15 வாட் சிஎஃப்எல்லும், 8 அல்லது 9 வாட் எல்இடியும் தந்துவிடுகின்றன. 15,000 மணி நேர வெளிச்சத்துக்குக் கணக்கிட்டால் குண்டு பல்பு 900 யூனிட் இழுக்கும், அதற்குள் பதினைந்து பல்புகளாவது மாறியிருக்கும். 9 வாட் எல்இடிக்கு 135 யூனிட் போதும். ஹாலோஜன் என்பது சற்றே திருத்தப்பட்ட குண்டு பல்புதான். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் குண்டு பல்புகளை 2009 முதல் 2012 வரை படிப்படியாகவும், ஹாலோஜன் பல்புகளில் பெரும்பாலானவற்றை 2018 செப்டம்பரிலும் விற்பனையிலிருந்து விலக்கியது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆகவே சிக்கனத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு, வாங்குபவரை உண்மையில் தயங்க வைக்கும் இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன்: சொன்ன காலம் உழைக்குமா, உழைக்கும் காலத்தில் தீங்கு செய்யாமல் இருக்குமா.

பெட்டியில் அச்சிட்ட மணி நேரம்

குண்டு பல்பின் 1,000 மணி நேரமும் எல்இடியின் 15,000 அல்லது 25,000 மணி நேரமும் ஒரே அளவுகோலால் அளந்த எண்கள் அல்ல. பழைய வகை விளக்குகளில், சோதனைக்கு எடுத்துக்கொண்ட பல்புகளில் பாதி அணைந்துபோகும் நேரத்தையே ஆயுள் என்று குறித்தார்கள். அதாவது மற்ற பாதிக்குப் போகும் நாள் இன்னும் வரவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள், ஒவ்வொரு பல்பும் அவ்வளவு காலம் எரியும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. எல்இடி பல்பில் ஒளியை உமிழும் சிறு மின்னணுத் துண்டான சில்லு சட்டென்று அணைவதில்லை, மெல்ல மங்குகிறது. ஆகையால் அதன் ஒளி தொடக்க அளவில் 70 சதவீதமாகக் குறையும் நேரத்தை எல்70 என்று குறித்து, அதையே ஆயுளாக அறிவிக்கிறார்கள். முதல் எண் சாவுக் கணக்கு, இரண்டாவது மூப்புக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அதைவிடப் பதினைந்து மடங்கு நம்பகமானது என்று சொல்வது சரியாகாது.

ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரியவிட்டால் 15,000 மணி நேரம் என்பது எட்டு ஆண்டுகளைத் தாண்டும். 25,000 என்றால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலம் எரித்துப் பார்த்துவிட்டு யாரும் விற்பனைக்கு வருவதில்லை. எல்எம்-80 என்னும் சோதனை முறையில் எல்இடி சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு அவை மங்கும் வேகத்தை அளக்கிறார்கள். டிஎம்-21 என்னும் கணக்கு முறை, போதிய மாதிரிகள் இருந்தால், சோதித்த காலத்தைப் போல அதிகபட்சம் ஆறு மடங்கு வரை முன்கூட்டிக் கணிக்க இடம் தருகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் சோதனைக்கு உட்பட்டது சில்லு மட்டுமே. நாம் வாங்குவதோ சில்லு, அதை ஓட்டும் மின்னணுச் சுற்று, ஈயப் பற்றுகள், பிளாஸ்டிக் உடல், பித்தளைத் தொப்பி எல்லாம் சேர்ந்த ஒரு பொருள். வீட்டில் செத்துப்போகும் எல்இடி பல்புகளைப் பிரித்துப் பார்த்தால், ஒளி மங்கி ஓய்வுபெற்றவை அபூர்வம். பெரும்பாலும் முதலில் விழுவது அடியில் இருக்கும் சுற்று அல்லது ஒற்றைச் சில்லின் இணைப்பு.

குண்டு பல்பின் ஆயுளுக்கும் ஒரு கதை உண்டு. 1924இல் ஜெனீவாவில் முக்கிய உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைத்த ஃபீபஸ் கூட்டணி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்துவது என்று முடிவு செய்து, அதைத் தாண்டி உழைக்கும் பல்பு செய்தவர்களிடம் அபராதமும் வாங்கியது. இதைச் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டங்ஸ்டன் இழையைக் குறைந்த சூட்டில் எரித்தால் ஆயுள் பெருகும், ஆனால் ஒளி போய்விடும். கலிஃபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் புகழ்பெற்ற பல்பு இன்று தருவது ஓர் இரவு விளக்கின் ஒளியைத்தான். ஆயுளை மட்டும் தனியே பிரித்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. எல்இடியிலும் ஆயுளுக்காக ஒளியை விட்டுக்கொடுக்கும் இதே பேரம் வேறு வடிவத்தில் நடக்கிறது என்பதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

சூடு எங்கே போகிறது

குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாக்கினாலும், அந்தச் சூட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராக ஒளியோடு சேர்ந்தே வெளியேறிவிடுகிறது. அதன் உள்ளே சூட்டால் கெட்டுப்போக வேறு பொருளும் இல்லை. எல்இடியில் நிலைமை தலைகீழ். உண்டாகும் சூடு மொத்தத்தில் குறைவு. 9 வாட் பல்பில் அது ஏறத்தாழ 6 வாட்தான். ஆனால் அது கதிராக வெளியே போகாமல் சில்லுக்குள்ளேயே தங்குகிறது, அங்கிருந்து அலுமினியத் தகடு வழியாகப் பல்பின் உடலுக்கும், உடலிலிருந்து சுற்றியுள்ள காற்றுக்கும் கடந்துபோக வேண்டியிருக்கிறது. அந்தக் காற்று அசையாமல் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அடைபட்டிருந்தால், தொப்பி மேலும் குமிழ் கீழுமாகப் பல்பு தொங்கும்போது மேலே ஏறும் வெப்பம் மின்னணுச் சுற்று இருக்கும் இடத்திலேயே தேங்கும்.

எலக்ட்ரீஷியன்கள் டிரைவர் என்று சொல்லும் அந்தச் சுற்றில், சூட்டை மிகக் குறைவாகத் தாங்குவது, மின்சாரத்தைச் சிறிது தேக்கிவைத்து வெளிவிடும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். அதனுள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல உலர்ந்துபோகிறது. சூடு 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது மின்னணுத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த கெபாசிட்டர் 95 டிகிரியில் 10,000 மணி நேரமும், 85 டிகிரியில் 20,000 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். என் நான்கு பல்புகளின் தலைவிதி பிரிந்த இடம் இதுதான்: பொருள் ஒன்று, அடைந்த சூடு வேறு.

எல்இடி பழுதாகும் விதத்தைக் கொண்டே காரணத்தை ஓரளவு ஊகிக்க முடியும். சில நிமிடம் எரிந்து, தானாக அணைந்து, ஆறிய பிறகு மறுபடி எரிந்தால், சூட்டில் விரிந்து பிரியும் ஈயப் பற்றோ சில்லின் உள் கம்பியோ காரணமாக இருக்கும். மொத்தமாக அணைந்த பல்பின் குமிழைக் கழற்றிப் பார்க்கும்போது மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவே மட்டும் கரும்புள்ளி தெரிந்தால், அந்த ஒன்று துண்டித்ததால் தொடராக இணைந்த மற்றவையும் அணைந்தன என்று பொருள். அந்தச் சில்லை மட்டும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்து மறுபடி எரியவைக்கும் காணொளிகள் ஏராளம். எரியும்தான். மிச்சமிருக்கும் சில்லுகளின் மேல் பாரம் கூடிவிட, சில வாரங்களில் அடுத்தது போகும். அதற்கிடையே வீட்டு மின்சாரம் நேரே பாயும் தகடு திறந்தபடி தலைக்கு மேல் தொங்கும். மிச்சம் பிடிப்பதற்கு இது ஏற்ற இடம் அல்ல.

சிஎஃப்எல்லின் பலவீனம் வேறு. அதன் குழாயின் இரு முனைகளிலும் உள்ள மின்முனைகளில் எலக்ட்ரான் உமிழும் பூச்சு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை விளக்கைப் போடும்போதும் அந்தப் பூச்சில் கொஞ்சம் தெறித்துப் போகிறது. அதன் ஆயுளைச் சோதிக்கும் வழக்கமான முறையே, 165 நிமிடம் எரியவிட்டு 15 நிமிடம் அணைத்துவைப்பது. கழிப்பறை விளக்கை யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை. 8,000 மணி நேரம் என்று போட்ட சிஎஃப்எல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு அணைக்கும் இடத்தில் அதில் சிறு பங்கைக்கூட எட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை போட்டால் குறைந்தது 15 நிமிடமாவது எரியவிடுங்கள் என்ற அறிவுரையும் இதிலிருந்து பிறந்தது. கூடவே, போட்டவுடன் முழு ஒளி வருவதில்லை, குளிரில் ஒளி இன்னும் குறைகிறது. மாறாக, மாலையில் போட்டு இரவு முழுவதும் எரியும் திறந்த ஹோல்டரில் ஒரு நல்ல சிஎஃப்எல் எல்இடிக்கு இணையாகவே உழைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் ஒப்பீடு இன்னொரு திருப்பம் எடுக்கிறது. குண்டு பல்புக்குக் குறித்த அழுத்தத்தைவிட 5 சதவீதம் தொடர்ந்து கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். நல்ல டிரைவர் உள்ள எல்இடியோ, 100 முதல் 300 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொண்டு ஒரே அளவு மின்னோட்டத்தை சில்லுகளுக்கு அனுப்பும். ஆனால் மின்னல் தாக்கும்போதும் பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் நொடியின் மிகச் சிறு பங்கில் பாயும் அழுத்த வீச்சைக் குண்டு பல்பு பொருட்படுத்தாது. எல்இடியின் டிரைவர் அதில்தான் மாண்டுபோகும். வீச்சுத் தாங்கும் திறன் 2.5 கிலோவோல்ட், 4 கிலோவோல்ட் என்று பெட்டியில் குறித்த பல்புகள், இத்தகைய இடங்களில் 25,000 மணி நேரம் என்ற பெரிய எழுத்துகளைவிடப் பொருட்படுத்தத் தக்கவை.

தீங்கு எங்கிருந்து வரலாம்

பாதுகாப்பு என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது சிஎஃப்எல்லில் உள்ள பாதரசம். பயமும் அலட்சியமும் இரண்டுமே இங்கே அளவு மீறியிருக்கின்றன. ஒரு வீட்டு சிஎஃப்எல்லில் இருப்பது வழக்கமாக 5 மில்லிகிராமுக்கு உட்பட்ட பாதரசம். ஐரோப்பிய விதி 30 வாட்டுக்குக் குறைந்த விளக்குகளுக்கு 2013 முதல் 2.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. பழைய காய்ச்சல் வெப்பமானியில் இருந்தது சுமார் 500 மில்லிகிராம். எனவே ஒரு பல்பு உடைந்ததால் வீடு நஞ்சாகிவிடாது. ஆனால் உடைந்த நேரத்தில் அது ஆவியாகப் பரவுகிறது என்பதும், தவழும் குழந்தை தரைக்கு மிக அருகில் மூச்சு விடுகிறது என்பதும் உண்மை. உடைந்தால் அனைவரையும், வளர்ப்பு விலங்குகளையும், வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து 5 முதல் 10 நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும். பிறகு கெட்டியான அட்டையால் கண்ணாடித் துண்டுகளை அள்ளி, பொடியை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுத்து, ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அடைத்து வெளியே வைக்க வேண்டும். துடைப்பமும் வாக்குவம் கிளீனரும் கூடாது. இரண்டும் பாதரசத்தை அறை முழுதும் பரப்பிவிடும்.

பாதரசக் கேடுகளைத் தடுக்க 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 30 வாட் வரையான, சுற்றோடு இணைந்த வீட்டு சிஎஃப்எல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025க்குள் நிறுத்துவதென 2022இல் முடிவு செய்தன. ஆகவே புதிதாக வாங்குபவருக்கு சிஎஃப்எல் ஒரு தேர்வாக இருப்பது வேகமாகக் குறைந்துவருகிறது. அதை ஒப்பீட்டில் இன்னும் வைத்திருப்பது, வீடுகளில் எரிந்துகொண்டிருப்பவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்காக.

அடுத்தது புற ஊதாக் கதிர். சிஎஃப்எல் குழாயினுள் பாதரச ஆவி உமிழ்வதே புற ஊதாதான். கண்ணாடியின் உட்புறப் பூச்சு அதைப் பார்க்கும் ஒளியாக மாற்றுகிறது. சுருள் வளைவுகளில் பூச்சு விரிசல் விட்டால் சிறிது கசிகிறது. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008இல், வெளி உறை இல்லாத சிஎஃப்எல்லுக்கு 30 சென்டிமீட்டருக்குள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கூரையில் தொங்கும் விளக்குக்கு இது பொருந்தாது. மேசை விளக்குக்கு முழுமையாகப் பொருந்தும், ஒளி ஒவ்வாமை தரும் தோல் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எல்இடி வீட்டு பல்புகளில் இந்தச் சிக்கல் இல்லை.

தீயைப் பொறுத்தவரை ஹாலோஜனே முதல் குற்றவாளி. அதன் குவார்ட்ஸ் உறை பல நூறு டிகிரி வரை சூடேறும். திரைச்சீலையோ படுக்கை விரிப்போ பட்டால் பற்றிக்கொள்ளும். சிஎஃப்எல் தன் கடைசி நாளில் மக்களைப் பயமுறுத்துவது வேறு விதம்: மின்முனைப் பூச்சு தீர்ந்த பிறகும் அடியில் உள்ள சுற்று குழாயை எரிக்க முயன்றுகொண்டே இருப்பதால், குழாயின் முனை சூடேறி, தொப்பிக்கு மேலுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடையும் சில நேரம் மெல்லிய புகையும் வரும். சுடர் பற்றாத பிளாஸ்டிக்கால் செய்ததில் அது அதோடு அடங்கிவிடும். மலிவான பொருளில் அந்த உத்தரவாதம் இல்லை. முனை கறுத்து, ஒளி நடுங்கத் தொடங்கிய சிஎஃப்எல்லை முழுதாக அணையும்வரை விட்டுவைக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

எல்இடியில் நான் அஞ்சுவது பாதரசமோ தீயோ அல்ல, மின்னதிர்ச்சி. விலை குறைந்த எல்இடி பல்புகளில் மின்கம்பியையும் சில்லுகளையும் பிரித்துவைக்கும் மின்மாற்றி இருப்பதில்லை. சில்லுகள் இருக்கும் தகடே வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்பில் இருக்கிறது. அதற்கும் நம் விரலுக்கும் இடையே இருப்பது, பசையால் ஒட்டியோ அழுத்திப் பொருத்தியோ வைத்த ஒரு பிளாஸ்டிக் குமிழ் மட்டும். குமிழ் கழன்ற பல்பு இன்னும் எரிகிறதே என்று விட்டுவைப்பவர்களும், ஒளி கூடும் என்று தாமே கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள்; இரண்டும் திறந்த மின்கம்பியைத் தொங்கவிடுவதற்குச் சமம். வெளியே தெரியும் அலுமினிய உடலைவிட, அலுமினியத்தின் மேல் பிளாஸ்டிக் போர்த்திய உடல் இந்த வகையில் பாதுகாப்பானது. சுற்றோடு இணைந்த எல்இடி பல்புகளின் பாதுகாப்புக்கென ஐஇசி 62560 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது; அந்த எண்ணோ, அதை ஏற்ற தரமுத்திரையோ இல்லாத பல்பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்குவதற்கில்லை.

இதோடு ஒட்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் பல்பைப் பழி சொல்ல வேண்டாம். சுவிட்சுக்குள் இருக்கும் சிறு அடையாள விளக்கு வழியாகக் கசியும் மின்னோட்டமோ, நீண்ட கம்பிகளுக்கு இடையே தாவும் மின்னோட்டமோ காரணமாக இருக்கலாம். அவை பெரும் தீங்கு செய்வதில்லை. ஆனால் பேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் சுவிட்ச் போடப்பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அப்போது, அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பு மாற்றும் கை மின்சாரம் உள்ள ஹோல்டருக்குள் போகிறது. குண்டு பல்பு இருந்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்த இந்த வயரிங் பிழையை எல்இடி காட்டிக்கொடுக்கிறது என்றே கொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைக்க அதுவே போதிய காரணம்.

கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்

ஆயுளுக்காக ஒளியை விட்டுக்கொடுக்கும், முன்பு சொன்ன பேரம் இங்கே வருகிறது. மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடும் இடத்தில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்க முற்படும். டங்ஸ்டன் இழை சட்டென்று ஆறாததால் குண்டு பல்பில் அந்த ஏற்ற இறக்கம் சிறிதாகவே இருக்கும். மின்னணுச் சுற்றுள்ள சிஎஃப்எல் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பதால் அங்கேயும் சிக்கல் இல்லை. எல்இடி சில்லோ மின்னோட்டம் நின்ற கணமே அணையும். அந்த இடைவெளியை நிரப்பி ஒளியைச் சீராக்குவது அதே எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்தான். சூட்டில் முதலில் சாவது அது என்பதால் சில உற்பத்தியாளர்கள் அதையே நீக்கிவிட்டு, அல்லது மிகச் சிறியதாக்கி, பல்பு நெடுநாள் உழைக்கும் என்று விற்கிறார்கள். உழைக்கவும் செய்யும். விலை, ஒளியின் நடுக்கமாகக் கண்ணுக்கும் தலைக்கும் போய்ச் சேருகிறது. குமிழுக்குள் இழை போலத் தெரியும் அலங்கார எல்இடிகளில், தொப்பிக்குள் இடமே குறைவு என்பதால், இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது.

மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஇஇஇ 2015இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை, நொடிக்கு 100 முறை துடிக்கும் ஒளியில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் அபாயம் குறைவு என்கிறது. வீட்டில் இதை அளக்கக் கருவி தேவையில்லை. விளக்கின் கீழ் ஒரு பேனாவை வேகமாக ஆட்டும்போது தொடர்ந்த மங்கல் கோடாகத் தெரிந்தால் ஒளி சீரானது. தனித்தனிப் பேனாக்களாக விசிறிபோல் தெரிந்தால் நடுக்கம் உள்ளது. அலைபேசியின் மெதுவியக்கப் பதிவிலும் இது தெளிவாகத் தெரியும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் வாங்கிய அன்றே இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

எல்இடியின் நீல ஒளி கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சம், நடுக்கத்தைப் போல அவ்வளவு பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2018இல், இயல்பான பயன்பாட்டில் எல்இடி விளக்குகள் உடல்நலமுள்ள பொதுமக்களுக்கு நேரடித் தீங்கு செய்வதற்குச் சான்று இல்லை என்றது. குழந்தைகளின் கண்வில்லை நீல ஒளியைக் கூடுதலாக உள்ளே விடுவதையும், முதியோருக்குக் கண்கூச்சம் கூடுவதையும் அதே குழு சுட்டிக்காட்டியது. பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல், பணியிடப் பாதுகாப்பு முகமையான அன்செஸ் 2019இல் சற்றுக் கூடுதல் எச்சரிக்கையோடு, வீட்டில் மஞ்சள் சாயல் ஒளியையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. இரவில் 6,500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அலகு) வெண்ணீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடக்கூடும் என்பது போதுமான காரணம். படுக்கையறைக்கு 2,700 முதல் 3,000 கெல்வின் வரையான பல்பை வாங்கினால் இந்த விவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இடத்தை வைத்துத் தேர்தல்

திறந்த ஹோல்டருக்கு, தரமுத்திரையும் நடுக்கமற்ற ஒளியும் உள்ள எந்த எல்இடியும் பொருந்தும். அங்கே மேலும் யோசிப்பது வீண். மூடிய கூண்டுக்கு, மூடிய பொருத்துகளுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல்பை, தேவைக்கு ஒரு படி குறைந்த வாட்டில் வாங்க வேண்டும். என் வாசல் கூண்டில் இப்போது 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் பல்பு எரிகிறது. வெளிச்சம் குறைந்தது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. பல்பும் கூண்டும் ஒன்றாகவே வரும் பொருத்துகளில் சூடு வெளியேறும் வழி நன்றாகவே அமைந்திருக்கும், ஆனால் அது போனால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். உயரமான கூரையில் ஏணி வைத்து ஏற வேண்டியிருப்பவர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

குளியலறை, கழிப்பறை, மாடிப்படி ஆகியவை எல்இடிக்கு உரியவை. சிஎஃப்எல் அங்கே இருந்தால் அதைக் கழற்றி இரவு முழுதும் எரியும் இடத்துக்கு மாற்றலாம். படிக்கும் மேசைக்கும் தையல் எந்திரத்துக்கும் நடுக்கமற்ற எல்இடி கட்டாயம். சுழலும் கத்தி, கடைசல் எந்திரம் உள்ள பட்டறையில் நடுக்கமுள்ள ஒளி, ஓடும் சக்கரத்தை நின்றிருப்பதுபோல் காட்டிவிடும் என்பதால் அங்கே அது வசதியைப் பற்றிய கேள்வியே அல்ல, விரலைப் பற்றிய கேள்வி. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கும் இடத்தில் சாதாரண சிஎஃப்எல் கூடவே கூடாது. எல்இடியிலும் டிம்மருக்கு ஏற்றது என்று குறித்ததை மட்டும் மாட்ட வேண்டும், அப்போதும் குண்டு பல்புக்கென்று செய்த பழைய டிம்மர் அதோடு ஒத்துப்போகாமல் முனகவும் மின்னவும் கூடும்.

குண்டு பல்புக்கு மிஞ்சியிருக்கும் நியாயமான இடம் அடுப்பு போன்ற ஓவனின் உட்புறம் ஒன்றுதான். 300 டிகிரியைத் தாங்கும் என்று குறித்த சிறு குண்டு பல்பு அங்கே எரியும். எந்த எல்இடியும் முதல் மணி நேரத்தைக்கூடத் தாங்காது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளோ எல்இடி மற்ற எந்த இடத்தையும்விட நன்றாக உழைக்கும்.

மின்சாரம் போனாலும் எரியும், உள்ளே மின்கலம் பொருத்திய எல்இடி பல்புகள் பயனுள்ளவைதாம், ஆனால் அவற்றின் லித்தியம் மின்கலம் டிரைவரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது. அதை மூடிய கூண்டில் மாட்டக் கூடாது. உப்பியதாகவோ வழக்கத்தைவிடச் சூடாகவோ தெரிந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும். அதிலும் ஹோல்டரிலிருந்து கையில் எடுத்த பிறகும் எரியக்கூடிய பல்பு அது என்பதால், எரிவதை வைத்து மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யக் கூடாது.

நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சிஎஃப்எல்லை என்ன செய்வது? திறந்த ஹோல்டரில், எட்டாத உயரத்தில், நெடுநேரம் எரிவதாக இருந்தால் அதன் காலம் முடியும்வரை விட்டுவைப்பதில் தவறில்லை. மேசை விளக்கிலும், சாயக்கூடிய தரை விளக்கிலும், குழந்தைகள் பந்து விளையாடும் அறையிலும் இருப்பதை இப்போதே எடுத்துவிடலாம். எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, கண்ணாடிச் சுருளைப் பிடித்துத் திருகாமல் அடியிலுள்ள பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். சுருளைப் பிடித்துத் திருகும்போதுதான் பெரும்பாலான குழாய்கள் அடியோடு முறிகின்றன. கழற்றியதைப் பழைய பல்புப் பெட்டியிலோ தடித்த அட்டைப் பெட்டியிலோ உடையாமல் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு போனால், அதை அள்ளுபவரின் கையில்தான் அது உடையும்.